ஃபிராங்க் டோவியின் விட்டுப்போன எட்டு வருஷம்

பழைய பாட்டுக்காரர்களைப் பெட்டியில் போட்டு விற்பது மேல்நாட்டு இசைக் கம்பெனிகளுக்குக் கைவந்த தொழில். கெட்டி அட்டைப் பெட்டி, உள்ளே நாலைந்து சிடி, கூட ஒன்றிரண்டு டிவிடி, வழவழ தாளில் படம் போட்ட ஒரு குட்டிப் புத்தகம். "இதுவரை வெளிவராத" என்று ஸ்டிக்கர் ஒட்டி, அந்தக் காலத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய ஒத்திகைப் பதிவுகளை எல்லாம் திணித்துவிடுவார்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரி நாளில் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, இப்போது கைநிறையச் சம்பளம் வாங்கும் ஆசாமிகள். இதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அவர்கள் காசு, அவர்கள் காது.

ஆனால் ஒரு விஷயத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. பெட்டி போடுகிறவர் சும்மா பழசை அடுக்கவில்லை, தீர்ப்பு சொல்கிறார். ஒருத்தருடைய இருபது வருஷ உழைப்பில் எந்த வருஷம் கணக்கில் வரும், எது வராது என்று முடிவு செய்கிறார். உள்ளே வந்த வருஷங்களை அடுத்த தலைமுறை கேட்கும். வராத வருஷங்கள் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். இதை ஃபிராங்க் டோவி என்ற ஆளை வைத்துச் சொன்னால் நன்றாகப் புரியும்.

யாருய்யா அது என்று கேட்கிறீர்களா? கேட்பது நியாயம்தான். டெபேஷ் மோட் என்ற பெயரையாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹாஸ்டலில் யாராவது ஒருத்தன் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டர் இருக்கும். 1980ல் கிழக்கு லண்டனில் கேனிங் டவுன் பக்கம் பிரிட்ஜ் ஹவுஸ் என்று ஒரு மதுக்கடை. அங்கே ஃபேட் கேட்ஜெட் என்பவரின் நிகழ்ச்சி. அதற்கு முன்னால் மேடையேறி ஒப்பேற்ற வந்த பொடியன்கள்தான் டெபேஷ் மோட். மியூட் ரெக்கார்ட்ஸ் நடத்திய டேனியல் மில்லர் அங்கேதான் அவர்களைப் பார்த்துப் பிடித்துப்போய்த் தன் கம்பெனிக்கு இழுத்தார். மில்லர் அன்றைக்கு அங்கே வந்ததே ஃபேட் கேட்ஜெட்டுக்காக. அந்த ஃபேட் கேட்ஜெட்தான் நம்ம ஃபிராங்க் டோவி. பிறந்தது 1956ல் லண்டனில், படித்தது லீட்ஸ் பாலிடெக்னிக்கில் கலை. சாஃப்ட் செல் மார்க் ஆல்மண்டும் அதே பாலிடெக்னிக்தான். (நம்ம ஊர் பாலிடெக்னிக் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே ஊமைக்கூத்து எல்லாம் பாடமாக வைத்திருந்தார்கள்.)

படிப்பு முடிந்து லண்டனில் நண்பர்களோடு ஒரு வீட்டில் தங்கியபோது, அங்கிருந்த ஓர் அலமாரி அறைதான் அவருடைய ஸ்டூடியோ. மலிவான சின்தசைசர், ஒரு ட்ரம் மெஷின், ஒரு டேப் ரெக்கார்டர். அதில் பதிந்த நாடாவைக் கேட்டு மில்லர் வெளியிட்ட சிங்கிள், "பேக் டு நேச்சர்", 1979. மியூட் கம்பெனியின் முதல் வெளியீடு மில்லர் தானே போட்டது, இரண்டாவது இது. வெளி ஆள் ஒருவரை அந்தக் கம்பெனி சேர்த்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. தலைப்பு இயற்கைக்குத் திரும்பச் சொல்கிறது. சத்தத்தில் இயற்கை மருந்துக்கும் இல்லை.

சின்தசைசர் என்றால் என்ன என்று நம்ம டிபார்ட்மெண்ட் பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம். லேபில் ஆசிலேட்டர் சர்க்யூட் போட்டு, ஆசிலாஸ்கோப்பில் ரம்பப் பல் மாதிரி ஓர் அலை வரவழைத்து, அதைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவோமே, அந்த அலையை ஃபில்டரில் அனுப்பி ஸ்பீக்கரில் விட்டால் அதுதான் 1979ன் சின்த்-பாப். அந்தக் கால மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரு சமயத்தில் ஒரு ஸ்வரம்தான் வாசிக்கும். இரண்டு கட்டையை அழுத்தினாலும் ஒன்றுதான் கேட்கும். அதனால் அந்தப் பாட்டுகளுக்கு ஓர் ஒல்லித்தனம் வந்தது. ஒற்றைக் கோடாக ஒரு மெட்டு, கீழே டிக் டிக்கென்று மெஷின் தாளம். ஏழ்மையில் வந்த அழகு என்று சொல்லலாம்.

இந்த ஒல்லி சத்தத்தை வைத்து மற்றவர்கள் விண்வெளி, ரோபோ என்று போனார்கள். கேரி நியூமன் 1979 ஜூனில் "ஆர் ஃப்ரெண்ட்ஸ் எலக்ட்ரிக்" பாட்டோடு பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். டோவி அந்தப் பக்கம் போகவில்லை. அவருக்குக் கிடைத்த விஷயங்கள் எல்லாம் வீட்டுக்குள் இருந்தன. கணப்பு அடுப்புப் பக்கத்தில் ஒரு ஜோடி கொஞ்சிக்கொண்டிருக்கும், வெளியே அணுகுண்டுக் காளான் எழும்பும். இது 1980ல் வந்த முதல் ஆல்பமான "ஃபயர்சைட் ஃபேவரிட்ஸ்" தலைப்புப் பாட்டு. "ரிக்கிஸ் ஹேண்ட்" என்று ஒரு சிங்கிள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கையை இழந்தவன் கதை. அதில் இசைக்கருவிகளோடு கருவியாக ஒரு மின்சார டிரில் ஓடும். சுவரில் ஓட்டை போடுவோமே, அந்த டிரில்தான். இந்த டிரில்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மேடையில் அவர் செய்த அட்டகாசம் தனிக் கதை. முகமெல்லாம் ஷேவிங் நுரை. உடம்பெல்லாம் தார் பூசி இறகு ஒட்டிக்கொண்டு ஆடுவது. 1984ல் வந்த "கேக்" ஆல்பத்தின் அட்டையில் அந்த இறகுக் கோலத்தில்தான் நிற்பார், படம் எடுத்தவர் ஆன்டன் கார்பைன். அந்த ஆல்பம் பெர்லின் ஹன்சா ஸ்டூடியோவில் உருவானது. இரும்புத் தகட்டையும் சுத்தியலையும் வைத்து இசை பண்ணும் ஐன்ஸ்டுர்ட்சென்டே நாய்பாவ்டன் என்ற ஜெர்மன் குழு அதில் ஒரு பாட்டுக்குக் கூடச் சேர்ந்தது. குழுவின் பெயருக்கு "இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்" என்று அர்த்தம். பாட்டின் பெயர் "கொலாப்ஸிங் நியூ பீப்பிள்". இடிந்து விழுவது இப்போது ஆட்கள். இரவு விடுதியில் வெள்ளை மாவு பூசிக்கொண்டு சோர்ந்து கிடக்கும் நாகரிக இளைஞர்களைப் பற்றியது. இன்றைக்கும் அவருடைய பாட்டு எங்காவது ஒலித்தால் அது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இதோடு ஃபேட் கேட்ஜெட் சரி. ஐந்து வருஷம், நாலு ஆல்பம். இந்தப் பகுதியைப் பற்றி எழுத ஆள் உண்டு. பிற்பாடு வந்த இண்டஸ்ட்ரியல் குழுக்கள் எல்லாம் இவர் போட்ட பாதையில் வந்தவை என்று எழுதுவார்கள். சரிதான்.

1984க்கு அப்புறம் டோவி அந்தப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டார். மேடைப் பெயரைத் துறந்து அப்பா அம்மா வைத்த பெயரில் பாட ஆரம்பித்தார். இது சின்ன முடிவு இல்லை. கடையில் ஃபேட் கேட்ஜெட் என்று தேடி வருகிறவன் "எஃப்" தட்டில் பார்ப்பான். ஃபிராங்க் டோவி இருக்கப்போவது "டி" தட்டில். நடுவில் பதிமூன்று எழுத்து. அதைத் தாண்டி வரும் ரசிகன் எத்தனை பேர்? இன்று இணையத்தில் பாட்டுக் கேட்டாலும் கதை இதேதான். ஒரு பெயருக்கு ஒரு பக்கம், இன்னொரு பெயருக்கு வேறொரு பக்கம். இருவரும் ஒரே ஆள் என்பது ஏற்கனவே தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

1986ல் "ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்". நம்ம ஊரிலிருந்து இங்கிலாந்துக்குப் போன பரமபதம்தான், அங்கே போய் மோட்சம், நரகம் எல்லாம் கழன்று வெறும் குழந்தை விளையாட்டாகிவிட்டது. ஆல்பத்தின் பெயர் அவருக்கே பலித்ததோ என்னவோ, அதன் பிறகு ஏணி எதுவும் அமையவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த ஆல்பத்தைத் தூக்கிவைத்துக் கொண்டாட எனக்கும் மனசு வரவில்லை. 1986ன் அந்தப் பெரிய அறையில் அடிப்பது மாதிரி ட்ரம் சத்தம் ஆல்பம் முழுக்க நிற்கிறது, ஒல்லி அழகு காணோம். ஆனால் அதில் "லடைட் ஜோ" என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியாது.

லடைட் என்றால் இப்போது செல்போன் பயன்படுத்தத் தெரியாத தாத்தாவைக் கிண்டல் பண்ணும் வார்த்தையாகிவிட்டது. அசல் லடைட்டுகள் 1811, 12 வாக்கில் நாட்டிங்ஹாம் பக்கத்தில் தறி ஓட்டிய தொழிலாளிகள். காலுறை பின்னும் சட்டங்களை ராத்திரியில் போய் உடைத்தார்கள். அவர்களே வாழ்நாள் முழுக்க இயந்திரத்தில் வேலை பார்த்தவர்கள்தான், இயந்திரத்தைக் கண்டு பயந்தவர்கள் இல்லை. அதை வைத்துக் கூலியைக் குறைத்து மட்டமான சரக்கை உற்பத்தி பண்ணிய முதலாளிகள் மேல்தான் கோபம். அரசாங்கம் 1812ல் சட்டம் போட்டு, சட்டகம் உடைத்தவனுக்குத் தூக்கு என்றது. தறிக்கு மனுஷ உயிர் விலை.

சின்தசைசர் வைத்துப் பேர் வாங்கிய ஒருவர் ஏன் இந்தப் பெயரை எடுக்கிறார்? 1982ல் பிரிட்டனின் இசைக்கலைஞர்கள் சங்கத்தில் மத்திய லண்டன் கிளை சின்தசைசருக்கும் ட்ரம் மெஷினுக்கும் தடை போட வேண்டும் என்று தீர்மானமே நிறைவேற்றியது. வயலின்காரன் பிழைப்பு போகிறது என்பது வாதம். அந்தக் கணக்கில் டோவிதான் தறியைக் கொண்டுவந்த ஆள், எதிர்க்கட்சி. நாலு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு உடைத்தவனைப் பற்றிப் பாடுகிறார். இதை விட்டுவிட்டு டோவியைப் பற்றி என்ன பேச முடியும் என்று எனக்குப் புரியவில்லை.

1988ல் "சிவிலியன்". சில பாட்டு உண்டு, சிலது இல்லை. அதே 1988 ஜூனில் டெபேஷ் மோட் அமெரிக்காவில் பாசடீனா ரோஸ் பவுல் மைதானத்தில் அறுபதாயிரம் பேருக்கு மேல் கூடிய கூட்டத்துக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரே கம்பெனி. எட்டு வருஷத்துக்கு முன் யாருக்கு முன்னால் யார் ஒப்பேற்றினார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1989ல் "டிரனி அண்ட் த ஹயர்ட் ஹேண்ட்". கொடுங்கோலும் கூலியாளும் என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். இதில் சின்தசைசர் ஓரம் போய்விட்டது. கிதார், பாஞ்சோ, ஒரு மனுஷக் குரல். பாட்டுகளும் பெரும்பாலும் அவர் எழுதியவை இல்லை. பருத்தி மில், நிலக்கரிச் சுரங்கம், ரயில்பாதை, வேலையில்லாத் திண்டாட்டம் என்று இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா எங்கும் தொழிலாளிகள் வாயில் புழங்கிய பழைய பாட்டுகள்.

"சிக்ஸ்டீன் டன்ஸ்" அதில் ஒன்று. மெர்ல் டிராவிஸ் 1946ல் பதிவு செய்தது, 1955ல் டென்னசி எர்னி ஃபோர்டு பாடி உலகமெல்லாம் ஓடியது. எவ்வளவு வெட்டினாலும் கடன் தீராத சுரங்கத் தொழிலாளி கதை. கம்பெனி சம்பளத்தைப் பணமாகத் தராமல் சீட்டாகத் தரும், அந்தச் சீட்டு கம்பெனி கடையில்தான் செல்லும், கடையில் கம்பெனி சொன்னதுதான் விலை. இன்னொன்று "பிளான்டையர் எக்ஸ்ப்ளோஷன்". 1877ல் ஸ்காட்லாந்தில் பிளான்டையர் என்ற ஊர்ச் சுரங்கத்தில் வாயு வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். "ஜோ ஹில்" இருக்கிறது. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்கா போய்த் தொழிற்சங்கத்துக்குப் பாட்டுக் கட்டியவர், 1915ல் யூட்டா மாநிலத்தில் கொலைக் குற்றம் சாட்டிச் சுட்டுக் கொன்றார்கள்.

அப்புறம் "ஜான் ஹென்றி". அமெரிக்காவில் குழந்தைக்கும் தெரிந்த கதை. ரயில் குகை வெட்டும் இடத்தில் பாறையில் துளை போடும் கறுப்பினத் தொழிலாளி. முதலாளி நீராவி டிரில் ஒன்றைக் கொண்டுவருகிறான். நானா, உன் மெஷினா என்று ஜான் ஹென்றி சுத்தியலோடு போட்டிக்கு நிற்கிறான். ஜெயிக்கிறான். ஜெயித்த கையோடு சுத்தியல் பிடித்தபடி விழுந்து சாகிறான்.

முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன டிரில்லை இப்போது எடுங்கள். 1980ல் "ரிக்கிஸ் ஹேண்ட்" பாட்டில் மின்சார டிரில்லை இசைக்கருவியாக ஓட்டியவர், 1989ல் டிரில்லோடு மல்லுக்கட்டிச் செத்தவனைப் பாடுகிறார். ஒன்பது வருஷ இடைவெளியில் இரண்டு டிரில். இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேட்டால், ஃபேட் கேட்ஜெட் ஒரு ஆள், டோவி வேறு ஆள், முதலாமவன் புரட்சிக்காரன், இரண்டாமவன் களைத்துப்போய் பாஞ்சோ எடுத்தவன் என்ற கதை நிற்காது. ஆரம்பத்திலிருந்தே அவருக்கு ஒரே கேள்விதான். இயந்திரத்துக்கும் மனுஷ உடம்புக்கும் நடுவில் என்ன நடக்கிறது? ரிக்கியின் கை போகிறது. ஜான் ஹென்றியின் உயிர் போகிறது. முதலில் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டே பார்த்தார், பிறகு உடம்பின் பக்கத்துக்கு வந்து பார்த்தார்.

அது எந்தக் காலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1984, 85ல் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளிகள் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். 1986ல் லண்டன் வாப்பிங்கில் அச்சுத் தொழிலாளிகள், புதுக் கம்ப்யூட்டர் அச்சு முறை வந்ததை ஒட்டி வேலை போய்ப் போராடித் தோற்றார்கள். இரண்டு தோல்விக்கும் அப்புறம் வருகிற ஆல்பம் இது. 1989ல் யாருக்கும் இது வேண்டியிருக்கவில்லை. நடன அரங்குகளில் ஆசிட் ஹவுஸ் ஓடிக்கொண்டிருந்தது. பழைய ரசிகர்களுக்கு இதில் சின்தசைசர் இல்லை. நாட்டுப்பாட்டு ரசிகர்களுக்கு இவன் தார் பூசிக்கொண்டு ஆடினவன்.

1991ல் "கிராண்ட் யூனியன்". இப்போது த பைரோஸ் என்று ஒரு குழுவும் கூட. கிராண்ட் யூனியன் என்பது லண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் கால்வாய். தொழிற்புரட்சியின் சரக்கெல்லாம் படகில் போன வழி, ரயிலும் லாரியும் வந்தபின் சும்மா கிடந்த தண்ணீர். யூனியன் என்ற வார்த்தையில் தொழிற்சங்கமும் ஒளிந்திருக்கிறது. இந்த ஆல்பத்தில் பாட்டுகள் அவருடையவை. முந்தைய ஆல்பத்தில் பழைய பாட்டைப் பாடிப் பாடிக் கற்றுக்கொண்டதை இதில் சொந்தமாகச் செய்து காட்டுகிறார். என்னைக் கேட்டால் அவருடைய மொத்த வாழ்க்கையில் குரல் சரியாக உட்கார்ந்த ஆல்பம் இதுதான். 1992ல் "வொர்ரிட் மென் இன் செகண்ட் ஹேண்ட் சூட்ஸ்". அதன் பிறகு ரொம்ப வருஷத்துக்கு அவரிடமிருந்து புது ஆல்பம் கிடையாது.

2001ல் திரும்பி வந்தார், ஃபேட் கேட்ஜெட்டாக. டெபேஷ் மோட் "எக்ஸைட்டர்" சுற்றுப்பயணத்தில், ஐரோப்பிய ஊர்களில், அவர்களுக்கு முன்னால் ஏறி ஒப்பேற்றும் இடத்தில். பிரிட்ஜ் ஹவுஸ் மதுக்கடைக் கதை அப்படியே தலைகீழ். பழைய கடனைத் தீர்க்கிற மாதிரி அவர்கள் கூப்பிட்டது நல்ல விஷயம். மேடையில் பழைய ஆட்டம் ஆடினார். 2002 ஏப்ரல் 3ம் தேதி மாரடைப்பில் செத்துப்போனார். வயசு 45.

அப்புறம்தான் பெட்டி. 2006ல் மியூட் வெளியிட்டது. இரண்டு சிடி, இரண்டு டிவிடி. பெயர், "ஃபேட் கேட்ஜெட் பை ஃபிராங்க் டோவி". ஒரு நாவலின் அட்டையில் போடுவது மாதிரி. கதாபாத்திரத்தின் பெயர் மேலே, எழுதியவன் பெயர் கீழே. பெட்டி போட்டவர்கள் புத்திசாலிகள் என்று இந்தத் தலைப்பிலேயே தெரிகிறது. ஃபேட் கேட்ஜெட் என்பது ஒரு வேஷம், அதைக் கட்டியவன் வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படித் தெரிந்தவர்கள் வேஷத்துக்குத்தான் பெட்டி போட்டார்கள், ஆளுக்கு இல்லை. டோவியின் பெயர் மூடியில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் அவர் தொடர்ந்து உழைத்த வருஷங்களுக்கு அல்ல இந்தப் பெட்டி.

மியூட்டைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்ட முகாந்திரமும் இல்லை. விற்காது என்று தெரிந்தே அந்த ஆல்பங்களை வெளியிட்டது அதே மியூட்தான். பாஞ்சோவோடு வந்தவனை வெளியே போ என்று மில்லர் சொல்லவில்லை. பெரிய கம்பெனியாக இருந்தால் 1986லேயே கணக்கை முடித்திருப்பார்கள். 2002ல் மியூட் ஈஎம்ஐ கைக்குப் போனது, 2006 பெட்டி வந்தது அந்தக் காலத்தில். செத்துப்போனவருடைய பெயர் ஞாபகத்தில் இருக்கும்போதே, விற்கக்கூடிய பகுதியை விற்பது வியாபாரம். அதை ஒப்புக்கொள்கிறேன்.

இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2008ல் அதே மியூட், யாஸூ குழுவுக்கு "இன் யுவர் ரூம்" என்று ஒரு பெட்டி போட்டது. நாலு தட்டு. யாஸூ இருந்ததே சுமார் ஒன்றரை வருஷம், போட்டது இரண்டே ஆல்பம். (அதில் பாடிய அலிசன் மோயே 1982ல் ஃபேட் கேட்ஜெட்டின் "அண்டர் த ஃப்ளாக்" ஆல்பத்துக்கும் பின்னணி பாடியவர்.) யாஸூ அற்புதமான குழு, நாலு தட்டுக்குத் தகுதி உண்டு. லீட்ஸ்காரர் மார்க் ஆல்மண்டுக்கு 2016ல் பத்து சிடி கொண்ட பெட்டி வந்தது. சாஃப்ட் செல் முடிந்ததும் அந்தப் பெட்டி நிற்கவில்லை, 1979லிருந்து 2016 வரை ஹிட்டானது ஹிட்டாகாதது எல்லாம் சேர்த்துப் போகிறது. ஆல்மண்ட் உயிரோடு இருந்தார், தொடர்ந்து பாடினார், அதனால் அவர் வாழ்க்கை முழுசாகப் பெட்டிக்குள் போனது. டோவிக்கு அந்த வாய்ப்பு இல்லை. செத்தவனுக்காக யாரோ எடுத்துக் கொடுத்த வருஷங்கள்தான்.

"கவனிக்கப்படாத வருஷங்கள்" என்று இப்போது பெட்டி போடுகிறவர்கள் விளம்பரம் செய்வதில் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. பெரும்பாலும் அது ஹிட்டுக்கு முந்தின ஒரு வருஷமாகவோ, பிந்தின இரண்டு வருஷமாகவோ இருக்கும். அதே ஒலி, அதே தலைமுடி, கொஞ்சம் குறைவாக விற்றது, அவ்வளவுதான். கேட்கிறவனுக்குச் சங்கடம் எதுவும் வராது. நிஜமாகவே கவனிக்கப்படாத வருஷம், தட்டு மாறிப்போன வருஷம். அந்த வருஷத்தைப் பெட்டியில் வைத்தால் வாங்குகிறவன் "நான் இதற்கா காசு கொடுத்தேன்?" என்று கேட்பான். அந்தக் கேள்வியை வரவழைக்கப் பயந்தால் அதை மீள்பார்வை என்று சொல்லக்கூடாது, சிறந்த பாடல்கள் தொகுப்பு என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம்.

இன்னொரு வாதமும் வரும். அந்தப் பிற்கால ஆல்பங்கள் அவ்வளவு நல்லவையா? இல்லாததால்தானே மறந்தார்கள்? ஐந்தில் ஒன்று சுமார், ஒன்று பாதிக்குப் பாதி என்று நானே மேலே சொல்லிவிட்டேன். ஆனால் ஃபேட் கேட்ஜெட் ஆல்பங்கள் நாலும் ஓட்டை இல்லாதவையா? 1981ல் வந்த "இன்கான்டினென்ட்" ஆல்பத்தை முழுசாக உட்கார்ந்து கேட்ட யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அதற்குச் சலுகை கிடைக்கிறது, ஏனென்றால் அது வரலாறு. "கிராண்ட் யூனியன்" ஆல்பத்துக்குச் சலுகை இல்லை, ஏனென்றால் எந்த வரலாற்றில் அதைச் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் பெட்டி போட்டால் இப்படிப் போடுவேன். ஆண்டு வரிசை வேண்டாம். முதல் தட்டில் "ரிக்கிஸ் ஹேண்ட்", உடனே அடுத்து "ஜான் ஹென்றி". "ஃபயர்சைட் ஃபேவரிட்ஸ்" பாட்டுக்குப் பக்கத்தில் "பிளான்டையர் எக்ஸ்ப்ளோஷன்", இரண்டும் வெடிப்புதான். "கொலாப்ஸிங் நியூ பீப்பிள்" முடிந்ததும் "லடைட் ஜோ". "கிராண்ட் யூனியன்" மட்டும் ஒரு தட்டில் முழுசாக, வெட்டாமல். டிவிடி வேண்டும், இறகோடு ஆடுவதைப் பார்க்காமல் எப்படி? மூடியில் ஒரே பெயர், ஃபிராங்க் டோவி.

இதை எல்லாம் படித்துவிட்டு யாராவது கேட்க நினைத்தால், முதல் சிங்கிளின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். 1979, "பேக் டு நேச்சர்" தட்டைத் திருப்பிப் போட்டால் வரும் பாட்டு. பெட்டிக்குள் அடைபட்ட ஒருத்தன் என்னை வெளியே விடுங்கள் என்று கெஞ்சுகிறான். பாட்டின் பெயர் "த பாக்ஸ்". அதற்கு அப்புறம் நேராக 1989க்குத் தாண்டிவிடுங்கள்.